இளம் வழக்குரைஞரின் முதல் மூன்று ஆண்டுகள்

மும்பையிலும் தில்லியிலும் இயங்கும் பெரிய சட்ட நிறுவனங்கள் தம்மைப் பற்றி வெளியிடும் அறிக்கைகளில் அண்மைக்காலமாக 'பன்முகத்தன்மை' என்ற சொல் தவறாமல் இடம்பெறுகிறது. பெண்களுக்கும், இதுவரை இத்தொழிலுக்குள் வராத சமூகப் பிரிவினருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் கதவு திறந்திருக்கும் என்பது அவர்கள் தரும் வாக்குறுதி. வரவேற்கத்தக்கதுதான். ஆனால், அந்த வாக்குறுதிக்கு எவ்வளவு செலவிடப்படுகிறது என்று கேட்பது பொருளியல் கற்பித்தவனின் பழக்கம்.

இந்தச் சொல் நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கு 2017-இல் 'மான்ஸ்ஃபீல்டு விதி' நடைமுறைக்கு வந்தது. 1869-இல் அயோவா மாநிலத்தில் வழக்குரைஞராக அனுமதி பெற்ற அமெரிக்காவின் முதல் பெண் அரபெல்லா மான்ஸ்ஃபீல்டின் பெயரைத் தாங்கிய விதி அது. தலைமைப் பொறுப்புகளுக்குப் பரிசீலிக்கப்படுவோரில் 30 சதவீதத்தினராவது பெண்களாகவும் சிறுபான்மையினராகவும் இருக்க வேண்டும் என்பதைப் பல நிறுவனங்கள் தாமாகவே ஏற்றன. பின்னர் காற்று திசைமாறியது. பல்கலைக்கழகச் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்ளக் கூடாது என்று 2023 ஜூனில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்ததும், சட்ட நிறுவனங்கள் வழங்கிவந்த உதவித்தொகைத் திட்டங்களுக்கு எதிராக வழக்குகள் தொடரப்பட்டன. நிறுவனங்கள் தகுதி விதிகளை மாற்றிக்கொண்டன. 2025 மார்ச்சில் அதிபர் டிரம்ப்பின் ஆணைக்கு உள்ளான 'பால் வைஸ்' நிறுவனம், 4 கோடி டாலர் மதிப்புள்ள இலவச சட்டப் பணிக்கும் தனது பன்முகத்தன்மைக் கொள்கைகளைக் கைவிடவும் இசைந்து சமரசம் செய்துகொண்டது. 'பெர்கின்ஸ் கூயி' நிறுவனமோ நீதிமன்றத்தை நாடி வென்றது. நிறுவனங்கள் விரும்பி அளித்த வாக்குறுதிகளை அவை விரும்பியபோதோ, அஞ்சியபோதோ திரும்பப் பெற முடிந்தது.

தமிழ்நாட்டின் நிலை வேறு. இங்கு 69 சதவீத இட ஒதுக்கீட்டின் பயனாக, அரசு சட்டக் கல்லூரியின் வகுப்பறை ஏற்கெனவே பன்முகத்தன்மை கொண்டது. அம்பத்தூர் தொழிற்பேட்டைத் தொழிலாளியின் மகளும், ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியரின் மகனும், பூந்தமல்லியை அடுத்த கிராமத்து விவசாயக் கூலியின் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து சட்டம் பயில்கிறார்கள். பட்டம் பெற்று, பதிவு செய்துகொண்டு, கறுப்பு அங்கி அணிந்த பிறகுதான் இவர்களில் பலர் காணாமல் போகிறார்கள். ஆகவே, நாம் ஆராய வேண்டியது அந்த இடைவெளியை.

இங்கு வழக்குரைஞர் தொழில் பெரும்பாலும் நிறுவனங்களால் நடப்பதில்லை. மூத்த வழக்குரைஞர்களின் அலுவலகங்களால் நடக்கிறது. புதிதாக வருபவர் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்து, மனு எழுதவும், வாய்தா வாங்கவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும் கற்றுக்கொள்கிறார். குருகுலம் போன்ற இந்த முறைக்குச் சிறப்புகள் உண்டு. குறை என்னவெனில், பல அலுவலகங்களில் ஜூனியருக்கு ஊதியம் என்று ஒன்று கிடையாது. பேருந்துக் கட்டணத்துக்கும் மதிய உணவுக்கும் போதுமான தொகை கிடைத்தாலே பெரிது. 'நாங்களும் அப்படித்தான் வந்தோம்' என்பார்கள் மூத்தவர்கள். அப்படி வர முடிந்தவர்கள் மட்டுமே இன்று மூத்தவர்களாக இருக்கிறார்கள் என்பது அந்தப் பதிலிலேயே அடங்கியிருக்கிறது.

2024 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், சி. குமரப்பன் அமர்வு இந்த வழக்கத்தைக் கண்டித்தது. சென்னை, மதுரை, கோவையில் மாதம் ரூ.20,000-மும், பிற இடங்களில் ரூ.15,000-மும் இளம் வழக்குரைஞர்களுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையாக வழங்கப்பட வேண்டும் என்று கூறியது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகர்ப்புறத்துக்கும் ஊரகத்துக்கும் இதே தொகைகளைப் பரிந்துரைத்துச் சுற்றறிக்கை அனுப்பியது. பரிந்துரைதான், கட்டாயமில்லை.

இந்தத் தொகையை வைத்தே ஒரு கணக்குப் போடலாம். மாதம் ரூ.20,000 வீதம் மூன்று ஆண்டுகளுக்கு ரூ.7,20,000. ஊதியமின்றி மூன்றாண்டுகள் பயிலும் இளைஞர் இழப்பது இத்தொகை. பொருளியலில் இதை வாய்ப்புச் செலவு என்போம். கல்லூரிக் கட்டணத்தைப்போல இது எந்த ரசீதிலும் எழுதப்படுவதில்லை. அதனாலேயே யாருடைய கண்ணிலும் படுவதில்லை. சொந்த வீடும் தந்தையின் வருமானமும் உள்ள குடும்பம் இந்த முதலீட்டைச் செய்துவிடுகிறது. தங்கையின் படிப்பும் வீட்டு வாடகையும் தன் தோளில் உள்ள மூத்த மகன், ஓராண்டில் ஒரு நிதி நிறுவனத்தின் கடன் வசூல் பிரிவுக்கோ, அரசுத் தேர்வுப் பயிற்சிக்கோ போய்விடுகிறான். என்னிடம் பொருளியல் படித்துவிட்டுச் சட்டம் பயிலச் சென்றவர்களில் இப்படி விலகியவர்களை நான் அறிவேன். திறமைக் குறைவால் விலகியவர்கள் அல்லர் அவர்கள்.

(உயர்நீதிமன்றம் வகுத்த எல்லையில் ஒரு சிறு வேடிக்கையும் உண்டு. ஆவடியும் பூந்தமல்லியும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. மாவட்டக் கணக்கில் பார்த்தால் அங்குள்ள ஜூனியருக்கு ரூ.15,000-தான். வீட்டு வாடகை மாவட்ட எல்லையைப் பார்ப்பதில்லை.)

நுழைவாயிலில் இருந்த இன்னொரு தடையை உச்சநீதிமன்றம் அகற்றிவிட்டது. வழக்குரைஞர்கள் சட்டப்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு ரூ.750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு ரூ.125. ஆனால், மாநில பார் கவுன்சில்கள் பல்வேறு தலைப்புகளில் ரூ.15,000 முதல் ரூ.42,000 வரை வசூலித்து வந்தன. சட்டம் குறிப்பிடும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30-இல் தீர்ப்பு வந்தது. ஒருமுறை செலுத்தும் கட்டணத்தை ஒரு தீர்ப்பால் குறைத்துவிட முடிந்தது. மாதந்தோறும் வராத ஊதியத்துக்கு அத்தகைய தீர்வு இன்னும் பிறக்கவில்லை.

மொழியும் இங்கே ஒரு சுவர். கீழமை நீதிமன்றங்களில் தமிழ் வழங்குகிறது, உயர்நீதிமன்றத்தில் ஆங்கிலம். தமிழையும் அனுமதிக்கக் கோரி 2006-இல் சட்டப்பேரவை நிறைவேற்றிய தீர்மானம் ஏற்கப்படவில்லை. தமிழ்வழியில் படித்த ஒருவர் பூந்தமல்லி நீதிமன்றத்தில் சிறந்து விளங்கினாலும், பாரிமுனைக்குச் செல்ல வேண்டுமெனில், சட்ட ஆங்கிலத்தைச் சொல்லித்தர ஒரு சீனியர் வேண்டும். முன்பு கல்லூரிக் காலத்திலேயே அதற்கு வழியிருந்தது. 1891-இல் தொடங்கிய சென்னை சட்டக் கல்லூரி, உயர்நீதிமன்ற வளாகத்திலேயே இருந்தது; வகுப்பு முடிந்ததும் மாணவர் நடந்தே சென்று வாதங்களைக் கேட்டார், அலுவலகம் தேடினார். 2008-இல் அங்கு நிகழ்ந்த சாதி மோதலுக்குப் பின், 2018-இல் கல்லூரி பட்டரைப்பெரும்புதூருக்கும் புதுப்பாக்கத்துக்கும் பிரித்து அனுப்பப்பட்டது. பட்டரைப்பெரும்புதூரிலிருந்து உயர்நீதிமன்றம் ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவு. உறவினர் எவரும் இத்தொழிலில் இல்லாத மாணவருக்கு அந்த அண்மையே பெரும் மூலதனமாக இருந்தது என்பதை இடமாற்றத்தின்போது யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

விளைவு மேலே, நீதிபதிகளின் இருக்கையில் தெரிகிறது. சென்னையின் முதல் பெண் வழக்குரைஞர் ஆனந்தாபாய் 1929-இல் பதிவு செய்துகொண்டார். உயர்நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகப் பத்மினி ஜேசுதுரை பொறுப்பேற்க 1986 வரை காத்திருக்க நேர்ந்தது. தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏ. வரதராஜன் உச்சநீதிமன்றத்தின் முதல் தலித் நீதிபதியானது, அந்த நீதிமன்றம் தொடங்கி 30 ஆண்டுகளுக்குப் பிறகு, 1980-இல். இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2018 முதல் நாடு முழுவதும் நியமிக்கப்பட்ட உயர்நீதிமன்ற நீதிபதிகள் 715 பேரில் பட்டியல் சாதியினர் 22, பழங்குடியினர் 16, இதர பிற்படுத்தப்பட்டோர் 89, சிறுபான்மையினர் 37 என்று 2025-இல் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. மொத்தம் 164; நான்கில் ஒரு பங்குகூட இல்லை. மூத்த வழக்குரைஞர்களிலிருந்தே நீதிபதிகளில் பெரும்பாலோர் தேர்வாகிறார்கள். தொழிலின் முதல் மூன்றாண்டுகளில் விலகியவர் இருபதாண்டுகளுக்குப் பின் எந்தப் பட்டியலிலும் இருக்க முடியாது.

மூத்தவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. தாலுகா நீதிமன்றத்தில் தொழில் நடத்தும் சீனியர் ஒருவருக்கே மாத வருமானம் நிச்சயமில்லாதபோது, அவர் ரூ.15,000 தர முடியாது. கட்டாயப்படுத்தினால் ஜூனியர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவிடுவார். எனவே, சுமையைச் சுமக்கக் கூடியவர்கள்மீதே அது விழ வேண்டும். பெரிய சட்ட நிறுவனங்களும், பெரும் வருவாய் ஈட்டும் மூத்த வழக்குரைஞர்களும் தங்கள் ஜூனியர்களுக்கு என்ன தருகிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடலாம். சிறிய அலுவலகங்களுக்கு அரசும் பார் கவுன்சிலும் பாதித் தொகையை ஏற்கலாம். ஏழைக் குடும்பத்து இளம் வழக்குரைஞர்களுக்கு இரண்டு ஆண்டுகள் மாதம் ரூ.3,000 வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2020-இலேயே தொடங்கியது. அந்தத் தொகையை உயர்நீதிமன்றம் குறிப்பிட்ட அளவுக்கு அருகிலாவது கொண்டுவர வேண்டும்.

இன்னொரு வழியும் உள்ளது. தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் சட்ட உதவி எதிர்வழக்காடல் திட்டத்தில், ஏழைக் கைதிகளுக்காக வாதாட வழக்குரைஞர்கள் மாத ஊதியத்தில் அமர்த்தப்படுகிறார்கள். அதில் உதவி வழக்குரைஞர் பணிக்கு மூன்றாண்டு வரை அனுபவம் உள்ளவர்கள், அன்றே பதிவு செய்தவர் உட்பட, விண்ணப்பிக்கலாம். மாவட்டத்துக்குச் சில இடங்களே உள்ளன. அவற்றைத் தாலுகா நீதிமன்றங்கள் வரை விரிவாக்கினால், அம்பத்தூரிலும் பூந்தமல்லியிலும் ஊதியத்துடன் தொழில் கற்கும் இடங்கள் கிடைக்கும். கைதிக்கும் முழுநேர வழக்குரைஞர் கிடைப்பார்.