மீன்குஞ்சின் உடம்பில் எத்தனை பேன்? - கனடா கடலோரத்தில் 20 வருடங்களைத் தாண்டிய ஒரு கணக்கு!

படகில் போகலாம். இல்லையென்றால், தண்ணீரில் இறங்கும் மிதவை விமானத்தில் போகலாம். மூன்றாவது வழி கிடையாது. சாலைத் தொடர்பே இல்லாத அந்த இடத்தின் பெயர் எக்கோ பே. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், வான்கூவர் தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே சிதறிக்கிடக்கிறது ப்ராட்டன் தீவுக்கூட்டம். அதில் ஒன்றான கில்ஃபோர்டு தீவில் இருக்கிறது எக்கோ பே.

இங்குதான் 'சால்மன் கோஸ்ட் ஃபீல்டு ஸ்டேஷன்' என்ற சிறிய ஆய்வு நிலையம் இயங்குகிறது. வசந்த காலம் வந்தால் மாணவர்களும் தன்னார்வலர்களும் இங்கே வந்து தங்குவார்கள். அவர்கள் செய்யும் முக்கியமான வேலையைக் கேட்டால் முதலில் சிரிப்புதான் வரும். விரல் நீளம்கூட இல்லாத மீன்குஞ்சுகளைப் பிடித்து, ஒவ்வொன்றின் உடம்பிலும் எத்தனை பேன் ஒட்டியிருக்கிறது என்று எண்ணுகிறார்கள். எண்ணி முடித்ததும் குஞ்சுகளைக் கடலிலேயே விட்டுவிடுகிறார்கள்.

2001-ல் தொடங்கிய இந்தக் கணக்கு, உலகின் முன்னணி அறிவியல் இதழ்கள்வரை போனது. அரசாங்கங்களைப் பதில் சொல்ல வைத்தது. கோடிக்கணக்கான டாலர் புரளும் மீன் வளர்ப்புத் தொழிலையே கேள்விக்குள்ளாக்கியது. அப்படி என்ன இருக்கிறது அந்தப் பேனில்?

ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து...

சால்மனின் வாழ்க்கையே ஒரு பெரும் பயணம். இந்தப் பகுதியில் அதிகம் காணப்படும் பிங்க் சால்மனை எடுத்துக்கொள்வோம். இலையுதிர் காலத்தில் தாய்மீன் ஆற்றின் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். அதோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். குளிர்காலம் முழுக்க கல்லுக்கடியில் கிடந்து வளரும் குஞ்சுகள், வசந்த காலத்தில் வெளியே வந்ததும் நேராகக் கடலை நோக்கிக் கிளம்பிவிடும்.

அப்போது ஒரு குஞ்சின் எடை ஏறக்குறைய கால் கிராம்தான். உடம்பில் செதில்கூட முளைத்திருக்காது. அந்த உடம்போடு கடலுக்குள் போகும் மீன், மறு ஆண்டு இலையுதிர் காலத்தில் சொந்த ஆற்றுக்கே திரும்பி வரும். முட்டையிடும், இறந்துபோகும். மொத்த ஆயுளே 2 வருடங்கள்.

இறந்த பிறகும் சால்மனின் வேலை முடிவதில்லை. கரடிகள் இந்த மீன்களைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போய்த் தின்கின்றன. மிச்சம் மீதி மண்ணில் மட்கி மரங்களுக்கு உரமாகிறது. கடலில் இருந்து வந்த நைட்ரஜன் இந்தக் காட்டு மரங்களுக்குள் இருப்பதை, விக்டோரியா பல்கலைக்கழக விஞ்ஞானி டாம் ரெய்ம்சன் மரத்தின் வளையங்களிலேயே தேடிக் காட்டியிருக்கிறார். கழுகு, ஓநாய், ஓர்க்கா திமிங்கிலம் என்று சால்மனை நம்பி வாழும் உயிர்களின் பட்டியல் நீளமானது. ஆயிரக்கணக்கான வருடங்களாக இங்கே வாழும் பூர்வகுடி மக்களுக்கும் சாப்பாடு, சடங்கு, வாழ்வாதாரம் எல்லாமே இந்த மீன்தான்.

இயற்கை போட்ட வேலி

கடல் பேன் என்று பெயர் இருந்தாலும் அது பூச்சி அல்ல. இறால், நண்டு வகையறாவைச் சேர்ந்த ஒட்டுண்ணி. சால்மனின் தோலையும் ரத்தத்தையும் தின்று வாழும். நன்கு வளர்ந்த சால்மனின் மேல் நாலைந்து பேன்கள் இருந்தால் பெரிய பாதிப்பில்லை. அந்த மீன் ஆற்றுக்குள் நுழைந்துவிட்டால், நன்னீர் ஒத்துக்கொள்ளாமல் பேன்கள் கொஞ்ச நாளில் செத்து உதிர்ந்துவிடும்.

கால் கிராம் எடையுள்ள குஞ்சின் கதை வேறு. அதற்கு ஒன்றிரண்டு பேன்களே எமனாகிவிடலாம்.

அதற்கும் இயற்கை ஒரு ஏற்பாடு செய்திருந்தது. வசந்த காலத்தில் குஞ்சுகள் கடலுக்குள் வரும் நேரத்தில், வளர்ந்த காட்டு சால்மன்களில் பெரும்பாலானவை தூரத்துப் பெருங்கடலில் இருக்கும். கரையோரத்தில் பேன் பெருகுவதற்கான உடம்புகளே அதிகம் இருக்காது. பச்சிளங்குழந்தையைக் கூட்டத்துக்குள் கொண்டுபோகாமல் வீட்டிலேயே வைத்துக் காப்பாற்றுவோம் இல்லையா, அதுபோலத்தான்.

1980-களின் பிற்பகுதியில் இந்தத் தீவுகளுக்கு இடையே சால்மன் பண்ணைகள் வர ஆரம்பித்தன. கடலுக்குள்ளேயே பெரிய வலைக்கூண்டுகளைக் கட்டி, அவற்றில் லட்சக்கணக்கான அட்லான்டிக் சால்மன்களை வளர்க்கும் முறை இது. குளிர்காலத்திலும் அந்த மீன்கள் கரையோரத்திலேயே இருக்கும். வலை மீனைத்தான் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. கூண்டுக்குள் பெருகும் பேனின் கண்ணுக்குத் தெரியாத இளம் பருவங்கள் நீரோட்டத்தோடு வெளியே போகும். ஆற்றில் இருந்து வரும் குஞ்சுகள் கடலுக்குப் போகும் வழியும் அதே நீரோட்டம்தான்.

ஓர்க்காவைத் தேடி வந்தவர்

இந்தக் கதையின் முக்கியமான பெயர் அலெக்ஸாண்ட்ரா மார்ட்டன். அமெரிக்காவில் பிறந்த இவர், ஓர்க்கா திமிங்கிலங்களின் குரலை ஆராய்வதற்காக 1984-ல் எக்கோ பே வந்து தங்கியவர். 1986-ல், ஓர்க்காக்களைப் படம் பிடிக்க நீருக்குள் இறங்கிய இவருடைய கணவர் ராபின் மார்ட்டன் மூழ்கி இறந்துபோனார். சிறு வயது மகனோடு நின்ற அலெக்ஸாண்ட்ரா ஊரை விட்டுப் போகவில்லை.

1990-களில் ஓர்க்காக்கள் அந்தப் பகுதிக்கு வருவது குறைந்தது. சீல்களை விரட்டுவதற்காகச் சில பண்ணைகள் நீருக்கடியில் பொருத்திய பேரொலிக் கருவிகளே காரணம் என்று அவர் ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினார். பண்ணைகளின்மேல் அவருடைய கவனம் திரும்பியது இப்படித்தான்.

2001-ல், உடம்பு முழுக்கப் பேன் ஒட்டிய பிங்க் சால்மன் குஞ்சுகள் அவர் பார்வைக்கு வந்தன. திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்தவர் மீன்குஞ்சுகளை எண்ண ஆரம்பித்தார்.

மறு வருடம் அதிர்ச்சி காத்திருந்தது. 2000-ல் ப்ராட்டன் பகுதி ஆறுகளுக்குத் திரும்பிய பிங்க் சால்மன்கள் சுமார் 36 லட்சம். அவற்றின் குஞ்சுகள் 2001-ல் கடலுக்குப் போய், 2002-ல் திரும்பி வந்திருக்க வேண்டும். வந்தவை சுமார் 1.47 லட்சம் மட்டுமே.

எப்படி எண்ணுகிறார்கள்?

அலெக்ஸாண்ட்ரா தனி ஆளாகத் தொடங்கிய வேலையில், வெளியூர்ப் பல்கலைக்கழகங்களின் இளம் ஆய்வாளர்களும் சேர்ந்துகொண்டார்கள். அதுவே பிற்பாடு ஆய்வு நிலையமாக வளர்ந்தது.

முறை எளிமையானது. கரையோரம் சின்ன வலையை வளைத்துப் போட்டு, கூட்டமாக நீந்தும் குஞ்சுகளைப் பிடிப்பார்கள். அவற்றைக் கடல்நீர் நிரம்பிய வாளியில் விடுவார்கள். பிறகு ஒவ்வொரு குஞ்சையும் கொஞ்சம் கடல்நீரோடு ஒரு பிளாஸ்டிக் பைக்குள் விட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியால் உடம்பு முழுக்கப் பார்ப்பார்கள். எத்தனை பேன், எந்த வகை, என்ன பருவம் என்று குறித்துக்கொள்வார்கள். மீனைக் கொல்லாமலே வேலை முடிந்துவிடும்.

கிளேசியர் ஃபால்ஸ், விக்லோ பாயின்ட், பர்ட்வுட் ஆகிய 3 இடங்களில் இந்தக் கண்காணிப்பு வருடந்தோறும் நடக்கிறது. ஆட்கள் மாறுவார்கள், இடமும் முறையும் மாறாது. கணக்கின் பலமே அதுதான். ஒரு வருடத்து எண்ணிக்கையைத் தற்செயல் என்று ஒதுக்கிவிடலாம். ஒரே இடத்தில், ஒரே முறையில் வருடக்கணக்காக எடுத்த எண்ணிக்கையை அப்படி ஒதுக்க முடியாது. இந்தத் தரவுகளை ஆய்வாளர்கள் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி பொதுவில் வெளியிட்டும் இருக்கிறார்கள்.

கணக்கு சொன்ன சேதி

2003-ல் மாகாண அரசு, குஞ்சுகள் போகும் வழியில் இருந்த பண்ணைகளை அந்த வசந்த காலத்துக்கு மட்டும் காலியாக வைக்கச் செய்தது. குஞ்சுகளின் உடம்பில் பேன் குறைந்தது. அந்தக் குஞ்சுகள் நன்றாகவே பிழைத்து 2004-ல் ஆறுகளுக்குத் திரும்பின.

அப்போது முனைவர் பட்டத்துக்காக ஆராய்ந்துகொண்டிருந்த மார்ட்டின் கிர்கோஷெக்கும் அவருடைய குழுவினரும், ஒரு பண்ணையைக் கடந்து போகும் குஞ்சுகளை வழிநெடுகப் பிடித்துச் சோதித்தார்கள். பண்ணைக்கு அருகே பேன் தொற்றும் அழுத்தம் இயல்பைவிட 73 மடங்கு அதிகம் என்றும், 30 கிலோமீட்டர் தூரம்வரை அது இயல்பைத் தாண்டியே இருந்தது என்றும் 2005-ல் எழுதினார்கள்.

2007 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்த கட்டுரைதான் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. பேன் தொற்று இப்படியே தொடர்ந்தால், இந்தப் பகுதியின் பிங்க் சால்மன் 4 தலைமுறைகளுக்குள் 99 சதவிகிதம் அழிந்துபோகும் என்றது அது. பிங்க் சால்மனின் 4 தலைமுறை என்பது வெறும் 8 வருடங்கள்!

அந்த அழிவு நடக்கவில்லை. அப்படியானால் கணக்கு தப்பா?

அதற்கும் ஆய்வாளர்களே விடை தேடினார்கள். பண்ணைகள், குஞ்சுகள் கடலுக்கு வருவதற்கு முன்பே தங்கள் மீன்களுக்குத் தீவனத்தில் பேன் மருந்து கொடுக்க ஆரம்பித்திருந்தன. பேன் குறைந்தது, சரிவும் நின்றது. 'இப்படியே தொடர்ந்தால்' என்ற நிபந்தனை மாறியதால் முடிவும் மாறியது என்று 2013-ல் வெளியான ஆய்வு காட்டியது.

நிம்மதி நீடிக்கவில்லை. 2015-ல் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தது. பண்ணைகளில் சரியான நேரத்தில் மருந்து கொடுக்கப்படவில்லை. குஞ்சுகளின் மேல் மறுபடியும் பேன் மொய்த்தது. போகப்போக அந்த மருந்துக்குப் பேன்கள் பழகிப்போவதும் தெரியவந்தது.

மறுப்பும் இருக்கிறது

எல்லா விஞ்ஞானிகளும் இதில் ஒரே குரலில் பேசவில்லை. 2002-ன் சரிவுக்குப் பண்ணைப் பேன்கள் காரணம் இல்லை என்று 2010-ல் வேறொரு குழு எழுதியது. அதே தரவுகளை விரிவாக்கி ஆராய்ந்த கிர்கோஷெக் குழு, பாதிப்பு உண்டு என்று 2011-ல் பதில் சொன்னது. கனடா அரசின் மீன்வளத்துறை, பண்ணைப் பேனுக்கும் காட்டுக் குஞ்சுகளின் பேனுக்கும் திட்டவட்டமான தொடர்பு தெரியவில்லை என்று அறிக்கை விட்டது. அந்த அறிக்கையின் முறையே சரியில்லை என்று 16 விஞ்ஞானிகள் 2023-ல் அரசுக்குக் கடிதம் எழுதினார்கள்.

பண்ணைகளை நம்பி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இருக்கின்றன. வேறு வேலை கிடைக்காத கடலோர ஊர்களுக்கு அதுதான் சம்பளம். பூர்வகுடிகளிலேயே பண்ணை நிறுவனங்களோடு கூட்டு வைத்திருக்கும் சமூகங்களும் உண்டு. பண்ணைகளை மூடுவதை அவர்கள் எதிர்க்கிறார்கள். வேண்டுமா, வேண்டாமா என்பதை எங்கள் கடலில் நாங்கள்தான் முடிவு செய்வோம் என்பது அவர்கள் வாதம்.

ப்ராட்டன் பகுதியில் அதே உரிமைக்குரல் எதிர்த்திசையில் ஒலித்தது. 2017-ல் பூர்வகுடி மக்கள் பண்ணைகளுக்குள்ளேயே போய் உட்கார்ந்து போராடினார்கள். 2018 டிசம்பரில் நம்கீஸ், மமலிலிகுல்லா உள்ளிட்ட 3 பூர்வகுடிகளுக்கும் மாகாண அரசுக்கும் ஒப்பந்தம் ஏற்பட்டது. 17 பண்ணைகளின் எதிர்காலத்தை முடிவு செய்த ஒப்பந்தம் அது. அதன்படி பண்ணைகள் படிப்படியாகக் காலி செய்யப்பட்டன.

தெற்கே இருக்கும் டிஸ்கவரி தீவுகளின் 19 பண்ணைகளையும் காலி செய்ய வேண்டும் என்று 2020 டிசம்பரில் மத்திய அரசு அறிவித்தது. 2024 ஜூனில் அடுத்த அறிவிப்பு வந்தது: 2029 ஜூன் 30-க்குப் பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா கடலில் திறந்த வலைக்கூண்டுகளில் சால்மன் வளர்க்கக் கூடாது.

இன்னும் ஏன் எண்ண வேண்டும்?

பண்ணைகள் போய்விட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இப்போதுதான் கணக்கின் அருமை அதிகமாகிறது. பண்ணைகள் இருந்த காலத்துக் கணக்கு கையில் இருப்பதால்தான், அவை இல்லாத காலத்தை அதோடு வைத்துப் பார்க்க முடியும். காட்டு சால்மனைக் காப்பாற்ற எடுத்த முடிவு சரியா, தவறா என்பதற்கான விடை, இனி வரும் வசந்த காலங்களின் குஞ்சுகள்மேல்தான் எழுதப்பட்டிருக்கும்.

பேன் மட்டுமே சால்மனின் எதிரி இல்லை. கடல் சூடாகிறது. கோடையில் ஆறுகளில் தண்ணீர் குறைகிறது. மரம் வெட்டிய மலைச்சரிவுகளில் இருந்து மண் சரிந்து, முட்டையிடும் கூழாங்கற்களை மூடுகிறது. இவற்றில் பலவற்றை ஓர் ஊரோ, ஒரு மாகாணமோ தனியாகத் தடுத்துவிட முடியாது. பேன் அப்படி அல்ல. மனிதர்கள் முடிவெடுத்தால் குறைக்கக்கூடிய ஆபத்து. அதனால்தான் அதன்மேல் இவ்வளவு கவனம்.

பண்ணைகள் தேவை என்பவர்களும் தேவையில்லை என்பவர்களும் கடைசியில் எடுத்துப் பார்ப்பது இதுபோன்ற கணக்கைத்தான். மழையில் நனைந்து, குளிரில் விறைத்த விரல்களோடு ஒரு சின்ன மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இதில் 2... இதில் ஒன்றுமில்லை' என்று யாரோ குறித்து வைத்த கணக்கு. அடுத்த வசந்தத்திலும் அங்கே வலை விரிப்பார்கள். 'ஒன்றுமில்லை' என்று எழுதும் நாள்கள் அதிகமானால், அதைவிடப் பெரிய சந்தோஷம் அவர்களுக்கு இருக்கப்போவதில்லை!