லால் பாக் தோட்டத்தில் பட்சிகளைப் பார்வையிடல்

பெங்களூர் லால் பாக் தோட்டம் 1760-ஆம் வருஷத்தில் ஹைதர் அலியால் ஆரம்பிக்கப்பெற்று, அவர் குமாரர் திப்பு சுல்தானால் விருத்தி செய்யப்பட்டதாகும். சுமார் 240 ஏக்கர் விஸ்தீரணமுள்ள அதன் தென்பாகத்தில் ஓர் ஏரியும் உண்டு. புஷ்பக் கண்காட்சிக்கு அங்கே சென்று வந்த மிராசுதார்கள் நம்மில் பலர். ஆயினும், ஞாயிறு காலைகளில் பட்சிகளை நன்கறிந்த ஒருவர் சிறு கூட்டத்தை அழைத்துக்கொண்டு அத்தோட்டத்தைச் சுற்றி வருவதைக் கவனித்தவர் சிலரே. சென்ற மார்கழியில் நான் அக்கூட்டத்தில் ஒருவனாகச் சென்றேன்.

சென்றதற்குக் காரணம் உண்டு. மூன்று வருஷங்களுக்கு முன் எமது வட்டத்து மிராசுதார் ஒருவர், தம் வரப்பிலிருந்த பொந்துள்ள இலுப்பை மரத்தில் சாக்குருவி அலறுகிறதென்று அதை வெட்ட எண்ணி, என் அபிப்பிராயத்தைக் கேட்டார். நிழலால் பயிர் குன்றுகிறதென்று நானும் சம்மதித்தேன். மறு போகத்தில் அவ்வரப்பெங்கும் எலி வளைகள். மரம் போனதொன்றே காரணமென்று சொல்லமாட்டேன். எனினும் அன்று முதல் என் மனம் சமாதானமடையவில்லை.

வழிகாட்டியவர் முதலில் விதித்தது மௌனம். சூரியன் முதுகுப்புறமிருக்க மெல்ல நடக்கவேண்டும்; பட்சியின் பெயரைக் கேட்குமுன் அது என்ன தின்கிறதென்று பார்க்கவேண்டும். ஏரிக்கரையில் மண்ணோடு மண்ணாக நின்ற மடையான், பறந்தபோதுதான் வெண்சிறகு காட்டிற்று. தவளை, மீன், பூச்சி இவற்றோடு வரப்பைத் துளைக்கும் நண்டையும் அது தின்னும். அதை நாற்றங்காலிலிருந்து விரட்டச் சிறுவரை நிறுத்தியவன் நானே! தாழைக்கோழியோ நெற்பயிரைக் கெடுப்பது மெய். எல்லாப் பட்சியும் நமக்கு நண்பரல்ல.

பின்னர் ஒரு முதிய மரத்தின் பொந்தில் புள்ளி ஆந்தைகள் இரண்டு எங்களை உற்று நோக்கின. அடியில் கிடந்த ஓர் உருண்டையை அவர் குச்சியால் பிரித்தார். வண்டின் ஓடுகளும் சிற்றெலும்புகளும் இருந்தன. ஆந்தை, செரியாதவற்றை இவ்வாறு கக்கிவிடுமாம். சாக்குருவி எனப்படும் கூகையின் உருண்டையானால் எலியின் மண்டையோடே அகப்படும் என்றார். நான் வேறொன்றும் கேட்கவில்லை.

இவ்விதம் பார்வையிட பெங்களூர் செல்ல வேண்டுவதில்லை. கார்த்திகை முதல் மாசி வரை, விடியற்காலையில் தத்தம் ஊர் ஏரிக்கரையில் ஒரு நாழிகை நின்றால் போதும். கிராம அதிகாரிகள் பள்ளிப் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்லலாம். வயலில் குறுக்குக் கட்டை பொருத்திய கழிகளை ஏக்கருக்கு 20 வீதம் நட்டால் கரிச்சான் அமர்ந்து புழுக்களைப் பிடிக்கும். கதிர் பால் பிடிக்குமுன் அவற்றைப் பிடுங்கிவிடுக, இல்லையேல் தானியந்தின்னும் குருவிகளுக்கு அவையே ஆசனமாகும். எலி பாஷாணம் வைப்போர், அதைத் தின்ற எலியைப் பிடிக்கும் கூகையும் மடியக்கூடுமென்பதை மறத்தலாகாது.

மேற்கண்ட மிராசுதாரிடம் என் தவற்றை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்துவிட்டு, களத்துமேட்டுப் பனையில் மரப்பெட்டியொன்றைக் கட்டியிருக்கிறார். கூகை இன்னும் வரவில்லை.