உயர் நீதிமன்றத்தில் ஒரு காலைப்பொழுது



"கோர்ட்டுப் படியை மிதிக்காதே" என்று தோட்டத்துப் பெரியவர்கள் சொல்லி நாம் வளர்ந்தோம். வம்புக்குப் போகாதே என்ற பொருளில் அது நல்ல பேச்சுத்தான். ஆனால் அதனாலேயே உள்ளே நடப்பது என்னவென்று அறியாமலும் இருந்துவிட்டோம்.

நமக்குத் தெரிந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் முன்னொரு சமயம் சாட்சி சொல்லப் போனார். மலாய் தெரியுமா என்று கேட்டார்கள். வெட்கப்பட்டுக்கொண்டு, தெரியும் என்றுவிட்டார். அவருக்குத் தெரிந்ததோ கடைத்தெரு மலாய். 'செபெலும்' என்றால் முன்பு, 'செலெபாஸ்' என்றால் பின்பு. பதற்றத்தில் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொண்டார். உண்மை சொல்ல வந்தவர் பொய்யர் போலக் கூண்டை விட்டு இறங்கினார்.

வழக்கு இல்லாதவரும் நீதிமன்றத்தில் அமர்ந்து விசாரணையைப் பார்க்கலாம். 1964ஆம் ஆண்டின் நீதிமன்றச் சட்டம் 15ஆம் பிரிவு அதைப் பொதுமக்கள் வந்துபோகும் திறந்த இடமாக வைத்திருக்கிறது. கட்டணம் கிடையாது. சில வழக்குகளை நீதிபதி மூடிய அறையில் விசாரிப்பார். சிறுவர் வழக்குகளுக்கும் வெளியார் போக இயலாது.

நம் ஜொகூர் மாநிலத்தில் உயர் நீதிமன்றம் ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் உண்டு. கொலை, போதைப்பொருள் கடத்தல் போன்ற பெரிய வழக்குகள் அங்கேதான் விசாரிக்கப்படும். காலையிலேயே போய்விடுங்கள். சிலிப்பரும் அரைக்கால் சட்டையும் ஆகா. கைத்தொலைபேசியை அணைத்துவிட வேண்டும். படம் எடுக்கக் கூடாது.

"பாங்குன்!" என்று குரல் கேட்டதும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். நீதிபதி வருவார். அவரை 'யாங் ஆரிஃப்' என்பார்கள். வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியில் இருப்பார்கள். சினிமாவில் வருவது போன்ற முழக்கமெல்லாம் இராது. காகிதம் புரட்டும் சத்தத்தில் நமக்குத் தூக்கமே வந்துவிடும். முன்பு கொலை வழக்குகளில் ஏழு ஜூரர்கள் அமர்வதுண்டு. 1995இல் அம்முறை நீங்கியது. இன்று ஒரே நீதிபதிதான் கேட்டுத் தீர்ப்புச் சொல்கிறார்.

நீங்கள் கவனிக்க வேண்டியவர் மொழிபெயர்ப்பாளர். சாட்சி தமிழில் பேசலாம். அவர் அதை மலாயில் சொல்வார். குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் வந்தால், அதையும் அவருக்குப் புரியும் மொழியில் சொல்லியாக வேண்டும்.

நாம் போயிருந்த அன்று, வயதான அம்மா ஒருவர் சாட்சிக் கூண்டில் நின்றார். எப்போது பார்த்தீர்கள் என்ற கேள்விக்கு, "பெரட்டுக்கு முந்தி, ஐயா" என்றார். மொழிபெயர்ப்பாளர் பட்டணத்துப் பிள்ளை, தயங்கி நின்றார். சொல் விளங்கவில்லை என்று நீதிபதியிடமே சொல்லிவிட்டார். விளக்கும்படி நீதிபதி கேட்டார். விடியுமுன் களத்தில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு என்று அந்த அம்மா நிதானமாக விளக்கினார். மணி எத்தனை இருக்கும்? "அஞ்சரை இருக்கும், ஐயா." நீதிபதி குறித்துக்கொண்டார்.

இடையில் எழுந்து வர வேண்டுமானால், சத்தமில்லாமல் எழுந்து, நீதிபதியின் பக்கம் தலை தாழ்த்திவிட்டு வெளியே வரலாம்.