சாலையில் நம்மூர்ச் சாப்பாடு

ஆண்டுதோறும் வகுப்புகள் தொடங்கியதும், தமிழ்நாட்டிலிருந்து புதிதாக நம் காரியவட்டம் வளாகத்திற்கு வந்து சேரும் மாணவர்கள் மூத்த மாணவர்களிடம் கேட்கும் முதற்கேள்வி நூலகத்தைப் பற்றியதன்று, ஆய்வுக்கூடத்தைப் பற்றியதுமன்று. "அண்ணே, இங்கே நம்மூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்?" என்பதே அக்கேள்வி. சென்ற ஆண்டு நானும் இதையே கேட்டேன். "சாலைக்குப் போ" என்றார்கள். போனேன். கேள்வி நான் நினைத்த அளவு எளிதன்று என்பது அங்கே போன பிறகுதான் விளங்கிற்று. அதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கேக்கோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால், எதிரே தொடங்கிக் கிள்ளிப்பாலம் வரை நீளும் கடைத்தெருதான் சாலை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர்த் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் அமைத்த அங்காடி இது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் பாண்டி நாட்டிலிருந்தும் வந்த வணிகர்கள் இங்கே கடை வைத்துக் குடியேறினார்கள். சபாபதி கோவில் தெரு, கொத்துவால் தெரு என்னும் பெயர்களைக் கேட்டாலே நம்மவர் கால் பட்ட இடம் என்பது புலப்படும். சற்றுத் தள்ளி வலியசாலையில் காந்தளூர் மகாதேவர் கோயில் இருக்கிறது. இராசராச சோழனின் கல்வெட்டுகளில் வரும் காந்தளூர்ச் சாலை இதுவே என்று கூறுவாரும் உளர்.

"சாலை" என்ற சொல்லையும் இங்கே சிறிது எண்ணிப் பார்க்கலாம். நமக்கு அது இன்று ரஸ்தா; அக்காலத்திலோ உண்டியும் கல்வியும் ஒருங்கே வழங்கிய இடம். முஞ்சிறைக்கு அருகிலுள்ள பார்த்திவபுரத்தில், ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒன்பதாம் நூற்றாண்டில் காந்தளூரை முன்மாதிரியாகக் கொண்டு ஒரு சாலை நிறுவினான். 95 மாணவர்க்கு அங்கே சோறிட ஏற்பாடு செய்தான் என்று செப்பேடு சொல்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே மாணவனின் வயிற்றைப் பற்றி ஓர் அரசன் கவலைப்பட்டான் என்று படித்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால், அந்த 95 பேரும் வேதம் ஓதும் அந்தணர். பின்னாளில் திருவிதாங்கூர் அரசு நடத்திய ஊட்டுப்புரைகளிலும் இலவசச் சோறு பெரும்பாலும் அவர்களுக்கே. என் பாட்டனார் அந்த வாயிற்படியில் நின்றிருக்கவும் முடியாது. ஆகவே, காசு கொடுத்தால் யாரும் உட்காரலாம் என்னும் சாதாரணச் சாப்பாட்டுக் கடையை நான் அற்பமாக எண்ணுவதில்லை.

நிற்க. நம்மூர்ச் சாப்பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலிற் செய்த தவறு, பெயர்ப்பலகையை நம்பியது. நகரத்தில் ஓரிடத்தில், தமிழ்நாட்டுச் சாப்பாடு என்று கொட்டை எழுத்தில் எழுதி, வாசலில் மண்குதிரை நிறுத்தி வைத்திருந்தார்கள். உள்ளே போனேன். இலை பெரிது, கறிவகை பதினொன்று, பில்லும் அதற்குத் தக்கபடி. சாம்பாரில் சர்க்கரை இனித்தது. பரிமாறியவர் ஒடிசாக்காரர்; அவர் மேல் குறையில்லை. சுற்றும் முற்றும் பார்த்தேன். உண்டுகொண்டிருந்தவர்களில் என் கண்ணுக்குத் தெரிந்த தமிழன் நான் ஒருவன்தான்! தமிழன் எப்படி உண்பான் என்று மற்றவர்கள் நினைக்கிறார்களோ, அப்படிச் சமைத்த சாப்பாடு அது.

உலகமெங்கும் இதே கதைதான். அமெரிக்காவின் சீனர் பேட்டைகளில், வெள்ளையருக்கென்று 'சாப் சூயி' விற்ற கடைக்காரர்கள், தமக்கு அடுக்களையில் வேறு சமைத்துக்கொண்டார்கள். சிங்கப்பூரின் புகழ்பெற்ற மீன்தலைக் கறியோ, கேரளத்திலிருந்து போன ஓர் உணவு விடுதிக்காரர் சீன வாடிக்கையாளர்களுக்காக ஆக்கியது என்பர். அது இன்று சிங்கப்பூரின் சொந்தச் சொத்தாகிவிட்டது. ஆகையால், பிறருக்காகச் சமைத்தது என்பதாலேயே ஒன்று போலியாகிவிடாது. எனினும், வீட்டு நினைவில் பசித்துப் போகிறவனுக்கு வேண்டியது அதுவன்று. அவன் பார்க்க வேண்டியது பலகையை அன்று, பந்தியை. யார் உண்கிறார்கள், எப்போது உண்கிறார்கள் என்று பாருங்கள்.

சாலைக்குக் காய்கறி லாரிகள் இரவில் வரும். பாவூர்சத்திரத்திலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவு, குளத்துப்புழை, பாலோடு, நெடுமங்காடு என்று மலையிறங்கி வருபவை சில; நாகர்கோவில் வழியாக வருபவை சில. விடியுமுன் மூட்டை இறக்கி முடிப்பார்கள். அந்த வேளையில் எந்தக் கடையில் அடுப்பு எரிகிறதோ, எங்கே ஓட்டுநரும் கிளீனரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்காருகிறார்களோ, அதுதான் கடை. பலகை இருக்காது, இருந்தாலும் புகையில் மங்கியிருக்கும்.

இத்தகைய கடையிலும் நீங்கள் முதல்முறை ஏமாறக்கூடும். நானும் ஏமாந்தேன். தண்ணீர் கேட்டால் இளஞ்சிவப்பாகப் பதிமுகம் போட்டுக் காய்ச்சிய வெந்நீர் வரும். தாளிதத்தில் தேங்காய் எண்ணெய் மணக்கும். சிலவற்றில் சோறும் சிவந்த குத்தரிசிச் சோறு. "இதா நம்மூர்ச் சாப்பாடு?" என்று தோன்றும். அறிவியல் மாணவன் என்ற முறையில் இதற்குச் சில காரணங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

குத்தரிசி, நெல்லாகவே வேகவைத்து உலர்த்தியபின் குத்தப்படுவது. அதனால் உமிக்குள்ளேயே மாவுச்சத்து இறுகிவிடுகிறது. மேலே சிவந்த தவிடும் ஒட்டி நிற்கிறது. இந்தச் சோற்றுப் பருக்கை ரசத்தை எளிதில் உறிஞ்சாது. பிசைந்தாலும் பிரிந்தே நிற்கும். ஆகவேதான் இதற்குக் கெட்டியான குழம்பும் புளிசேரியும் பொருந்துகின்றன. நம் நீர்த்த ரசம் இலையோரம் ஓடிவிடுகிறது. குறை ரசத்திலும் இல்லை, அரிசியிலும் இல்லை. இரண்டிற்கும் பொருத்தம் பார்க்காமல் மணம் செய்து வைத்ததுதான் குறை. தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம்; அதன் தனி மணத்திற்கோ லாக்டோன்கள் என்னும் பொருள்கள் காரணம். கருப்பட்டி சேர்த்துச் செக்கில் ஆட்டிய நல்லெண்ணெயின் மணமே வேறு. ஒரே கைப்பக்குவம், ஒரே மிளகாய், ஒரே புளியானாலும் எண்ணெய் மாறினால் நாக்கு ஊர் மாறிவிட்டதென்று அறிவித்துவிடும்.

இட்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மாவைப் பொங்கச் செய்வது லியூகோனோஸ்டாக் என்னும் பாக்டீரியா. உளுந்திலும் அரிசியிலும் இயல்பாகவே ஒட்டிக்கொண்டு வரும் இது கரியமில வாயுவை வெளியிடுகிறது. உளுந்தின் பசை அவ்வாயுவைப் பிடித்து வைக்கிறது. திருவனந்தபுரத்தின் இரவு நம் மலையடிவாரத்து மார்கழி இரவைப்போலக் குளிர்வதில்லை. ஊர் வழக்கப்படி நேரங்கணித்து மாவு வைத்தால் விடியுமுன் புளித்து வழிந்துவிடும். அறையில் நானே இருமுறை தரையைத் துடைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணம் வரலாறு. நாஞ்சில் நாடும் செங்கோட்டையும் 1956 நவம்பர் 1 வரை இந்தச் சீமையோடு சேர்ந்தே இருந்தவை. அவியல், தீயல், புளிசேரி எல்லாம் அந்த எல்லைக்கு இருபுறமும் உள்ளவை. ரசவடையை நாகர்கோவிலும் உரிமை கொண்டாடும், திருவனந்தபுரமும் கொண்டாடும். மறுபுறம், இவ்வூர்க் கலியாணப் பந்தியில் போளியைப் பாயசத்தில் பிசைந்து உண்கிறார்களே, அந்தப் போளி நம் பக்கத்திலிருந்து வந்து குடியேறியதுதான். மனிதர் குடியேறினால் பண்டமும் உடன் குடியேறும். மூன்றாம் தலைமுறையில் யாரை வந்தவர் என்பது, யாரை இருந்தவர் என்பது?

சாலையைப் பற்றி எழுதிவிட்டுக் கெத்தேல் சாகிபை விட்டுவிட்டால் நண்பர்கள் மன்னிக்கமாட்டார்கள். அவர் கடை நான் தேடிய தமிழ்க் கடையன்று. பொரித்த கோழிக்குப் பேர்போனது. உண்டவர்கள் தம்மால் இயன்றதைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. எழுத்தாளர் ஜெயமோகன் அதை 'சோற்றுக் கணக்கு' என்னும் கதையாக்கினார். 2011இல் வந்த 'அறம்' தொகுதியில் அது இருக்கிறது. குமரி மாவட்டத்திலிருந்து படிக்க வந்து பசியில் வாடும் மாணவன் ஒருவனே கதை சொல்பவன். இன்று அந்தக் கடையில் மற்றக் கடைகளைப் போல விலை கொடுத்தே உண்ண வேண்டும். பெட்டியைத் தேடிப் போய்விடாதீர்கள்.

அந்தக் கதையை நான் படித்தபோது எனக்கே ஒரு சோற்றுக் கணக்கு தீராமல் இருந்தது. என் தந்தையார் பாவூர்சத்திரத்து லாரியில் பதினாறு ஆண்டு சாலைக்கு வந்துபோனவர். நான் இங்கே சேர வந்தபோது அவர் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்று: "கொத்துவால் தெருப் பக்கம் ஒரு ஆச்சி கடை இருந்திச்சி. 2020 மார்ச்சில ஊரடைக்கையில நானூறு ரூவா பத்து நின்னு போச்சி. அப்புறம் எனக்கு இடுப்புப் போயி வண்டியேற முடியல. கண்டு குடுத்திரு." பல்கலைக் கழகத்தில் இடம் கிடைத்ததைவிட அவருக்கு அதுவே பெரிதாக இருந்தது.

மூன்று ஞாயிறு அலைந்தேன். பழைய இடத்தில் பிளாஸ்டிக் சாமான் கடை இருந்தது. ஒரு சுமைத் தொழிலாளர் சந்துக்குள் கைகாட்டினார். நான்கு பெஞ்சு, ஒரு தகரக் கூரை. எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் இலை துடைத்துக்கொண்டிருந்தார். தந்தையாரின் பெயரையும் லாரியையும் சொல்லிப் பணத்தை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"நோட்டே மழத்தண்ணியில நனஞ்சி போச்சிய்யா. ஆருக்கு எவ்வளவுன்னு நா எங்க கண்டேன்?"

"அப்பாவுக்குத் தெரியும் ஆச்சி. நானூறு."

"ஒங்கப்பா பொய் சொல்ல மாட்டாவ. ஆனா அது அவியளுக்கும் எனக்கும் உள்ள கணக்கு. நீ எதுக்குக் குறுக்க வாரே? அவியளையே வரச் சொல்லு. நடக்க முடியுதுல்லா?"

"கம்பு ஊணி நடக்காவ."

"அப்பம் ரயில்ல கூட்டியா. இப்பம் நீ உக்காரு."

உட்கார்ந்தேன். வெள்ளைச் சோறு, சொதியன்று, பருப்பு போட்ட கத்திரிக்காய்ச் சாம்பார், பூண்டு ரசம், மோர். எண்ணெய் தேங்காய் எண்ணெய்தான். தண்ணீர் பதிமுகத் தண்ணீர்தான். இரண்டாம் முறை ரசம் கேட்டபோது என் குரல் சரியாக இல்லை; ஆச்சி கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. எழுபது ரூபாய் என்றார். அதை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பொங்கல் விடுமுறை முடிந்து திரும்புகையில் தந்தையாரை அழைத்துவர எண்ணியிருக்கிறேன். உடன் வர விரும்பும் நண்பர்கள் சொல்லி வைக்கவும். ஆச்சிக்கு முன்கூட்டித் தெரிவித்தால் நல்லது. மதியம் இரண்டரைக்குமேல் சோறு இருக்காது. ஞாயிறன்று கடை உண்டு. ஆற்றுகால் பொங்காலையன்று மட்டும் அடைப்பு. சில்லறை கொண்டுபோங்கள்.