கடைசியாக வைக்கும் பந்தயம்

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது நாமக்கல் மாவட்டத்துக்கு மட்டும் ஒரு பங்கு மகிழ்ச்சி கூடுதல். லேண்டரை முன்கூட்டியே சோதித்துப் பார்க்க நிலவு மண்ணுக்கு ஈடான மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. அது சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கத்துப் பாறைகளிலிருந்து போனது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல் துறையினர் அதில் கைகொடுத்தார்கள். டீக்கடையெங்கும் அதே பேச்சாக இருந்த அந்த வாரம் முடிவதற்குள், ஆகஸ்ட் 26 இரவு, ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் இன்னொரு காரியம் நடந்தது. அது டீக்கடை வரைக்கும் வந்து சேரவில்லை.

உலகத் தடகளச் சாம்பியன்ஷிப்பில் ஆண்கள் 4×400 மீட்டர் தொடர் ஓட்டத்தின் தகுதிச்சுற்று அது. இந்தியாவுக்காக ஓடியவர்கள் முகமது அனஸ், அமோஜ் ஜேக்கப், முகமது அஜ்மல், கடைசி ஆளாக ராஜேஷ் ரமேஷ். ராஜேஷ் நம் ஆள். திருச்சி ரயில் நிலையத்தில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்தவர். அவர் கோட்டைத் தொட்டபோது கடிகாரம் காட்டியது 2 நிமிடம் 59.05 வினாடி. அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பான் வைத்திருந்த 2:59.51 என்ற ஆசியச் சாதனை போயிற்று. முன்னால் ஓடி முடித்தது அமெரிக்கா மட்டும்தான், 2:58.47. இரண்டு தகுதிச்சுற்றுகளையும் சேர்த்துப் பார்த்தாலும் இந்தியாவைவிட வேகமாக ஓடிய நாடு அமெரிக்கா ஒன்றே. பிரிட்டனும் ஜமைக்காவும் பின்னால்.

இதில் ஒரு கணக்கு இடிக்கும். 2:59.05 என்பதை நாலால் வகுத்தால் தலைக்கு 44.76 வினாடி. ஆனால் அந்த நால்வரில் ஒருவர்கூடத் தனி 400 மீட்டரில் 45 வினாடிக்குக் கீழே ஓடியதில்லை. அப்போதைய தேசியச் சாதனையே அனஸ் 2019இல் ஓடிய 45.21தான். அதை நாலால் பெருக்கினால் மூன்று நிமிடத்தைத் தாண்டிவிடும். பிறகு எப்படி?

பாதி விடை சாதாரணமானது. தனி ஓட்டத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு, குந்திய நிலையிலிருந்து எழுந்து வேகம் பிடிக்க வேண்டும். தொடர் ஓட்டத்தில் இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆட்கள் பேட்டன் கைக்கு வரும்போதே ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இதில் ஒவ்வொருவருக்கும் அரை வினாடிக்கு மேல் மிச்சம். மீதிப் பாதிக்கு வாய்ப்பாடு கிடையாது. முன்னால் ஒருவன் ஓடுகிறான், அவனைப் பிடித்தாக வேண்டும் என்ற வெறி. பின்னால் மூச்சு வாங்கக் கிடக்கும் மூன்று பேரின் உழைப்பைக் கெடுத்துவிடக் கூடாது என்ற பயம். ஓட்டக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள்.

400 மீட்டரை ஓடிப் பார்க்காதவர்களுக்கு அதன் கொடுமை தெரியாது. எந்த மனிதனாலும் 400 மீட்டரையும் முழு வேகத்தில் ஓட முடியாது. தசையில் உடனடிச் செலவுக்கு இருக்கும் சக்தி சில வினாடிகளில் தீர்ந்துவிடும். அதன்பின் உடம்பு போதிய ஆக்சிஜன் இல்லாமலேயே சர்க்கரையை எரிக்கத் தொடங்குகிறது. தசையில் அமிலத்தன்மை ஏறுகிறது. முந்நூறு மீட்டரைத் தாண்டியதும் முழங்கால் மேலே வராது, தோள் காதுவரை ஏறிவிடும். மைதானத்துப் பையன்கள் இதை “கால் டைட் ஆயிருச்சு” என்று மூன்றே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். கடைசி நூறு மீட்டரில் ஒருவன் இன்னொருவனை முந்துவதாக நமக்குத் தோன்றுகிறதே, பெரும்பாலும் அங்கே யாருடைய வேகமும் கூடுவதில்லை. ஒருவன் குறைவாகத் தளர்கிறான், அவ்வளவுதான்.

பள்ளி விளையாட்டு விழாக்களில் ஆண்டுதோறும் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர் கேட்பார்கள்: “அந்தப் பையனை மட்டும் எதுக்கு முன்னால நிறுத்தியிருக்காங்க?” வெளி லேனில் ஓடுபவனுக்கு வளைவு பெரிது, தூரம் அதிகம். அதைச் சரிக்கட்டத்தான் 400 மீட்டரில் இரண்டாம் லேன்காரனை 7.04 மீட்டரும், அதற்கு அடுத்த ஒவ்வொருவரையும் ஏறத்தாழ 7.67 மீட்டரும் முன்னே தள்ளி நிறுத்துகிறார்கள். தொடர் ஓட்டத்தில் இந்த இடைவெளி இன்னும் பெரிது. ஏனென்றால் முதல் ஆள் சுற்று முழுவதும் தன் லேனிலேயே ஓட வேண்டும். இரண்டாம் ஆளும் முதல் வளைவு முடியும்வரை லேனை விடக் கூடாது. அதற்குப் பிறகுதான் எல்லோரும் உள் ஓரத்துக்குப் பாய்கிறார்கள். தோளும் முழங்கையும் உரசுகிற இடம் அது.

பேட்டன் மாற்றுவதிலும் சூட்சுமம் உண்டு. 4×100இல் வாங்குபவன் திரும்பியே பார்க்க மாட்டான். கையை மட்டும் பின்னால் நீட்டுவான். 4×400இல் அது நடக்காது. கொண்டு வருபவன் கால் கல்லாகித் தள்ளாடி வருகிறான். அவன் எந்த வேகத்தில் வருவான் என்று அவனுக்கே தெரியாது. ஆகவே வாங்குபவன் அவனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்து, 20 மீட்டர் கட்டத்துக்குள் பேட்டனை வாங்கிவிட வேண்டும். மூன்றாம், நான்காம் ஆட்கள் கோட்டில் நிற்கும் வரிசைக்கும் விதி இருக்கிறது: தங்கள் அணி 200 மீட்டர் குறியை எந்த வரிசையில் கடக்கிறதோ, அதே வரிசையில் உள்ளிருந்து வெளியாக நிற்க வேண்டும். நின்ற பிறகு இடம் மாறக் கூடாது. பேட்டன் கீழே விழுந்தால் தவறவிட்டவனே எடுக்க வேண்டும். கால் வேகமாக இருந்தும் இப்படிப்பட்ட விதிகளில் சறுக்கி வீட்டுக்குத் திரும்பிய அணிகள் ஏராளம். 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்திய அணியும் தகுதி நீக்கம் செய்யப்பட்டது.

புடாபெஸ்ட் இறுதிப் போட்டி நம் கடிகாரப்படி நள்ளிரவு தாண்டி நடந்தது. அமெரிக்கா 2:57.31, பிரான்ஸ் 2:58.45, பிரிட்டன் 2:58.71, ஜமைக்கா 2:59.34, இந்தியா 2:59.92. ஐந்தாம் இடம். அதே இரவில் நீரஜ் சோப்ரா 88.17 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். ஊர் முழுக்க அவர் பேச்சு. அதில் தவறு ஒன்றுமில்லை. ஐந்தாம் இடத்துக்கு யார் பட்டாசு வெடிப்பார்கள்? ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 4 அன்று, சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே நால்வர் 3:01.58இல் தங்கம் வென்றார்கள்.

இந்தப் பந்தயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது. லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ், ராணுவ வீரர், 2014 இன்ச்சான் ஆசிய விளையாட்டில் தனி 400 மீட்டரில் வெண்கலம் வாங்கியவர். 2018 ஜகார்த்தாவில் வெள்ளி வென்ற தொடர் ஓட்ட அணியில் அவரும் இருந்தார், அவிநாசித் தருண் அய்யாசாமியும் இருந்தார். அடுத்து ராஜேஷ். அவருக்கும் பின்னால் விஷால். பெயருக்குப் பின்னால் அப்பா தென்னரசு, அம்மா கயல்விழி இருவரையும் சுமக்கிற இந்தப் பையன், 2025 ஆகஸ்டில் சென்னை நேரு ஸ்டேடியத்தில் 45.12 ஓடி அனஸின் தேசியச் சாதனையை உடைத்தார்.

இந்த வரிசையின் அருமை 2024 மேயில் பஹாமாஸில் தெரிந்தது. பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இடம்பிடிக்கும் போட்டி அது. இரண்டாவதாக ஓடிய ராஜேஷ் தசை பிடித்துப் பாதி வழியில் நின்றுவிட்டார். அணியின் ஓட்டம் அங்கேயே முடிந்தது. மறுநாள் கடைசி வாய்ப்பு. ராஜேஷ் இல்லை. முப்பத்துமூன்றை நெருங்கிக்கொண்டிருந்த ராஜீவ் இறங்கினார். 3:03.23, அமெரிக்காவுக்கு அடுத்து இரண்டாம் இடம், பாரிஸுக்கு டிக்கெட். அந்த நேரம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் பெஞ்சில் ஐந்தாவது ஆள் ஒருவர் தயாராக இருந்ததால்தான் அணி ஒலிம்பிக் போனது. பாரிஸில் 3:00.58 ஓடியும் இறுதிக்கு நுழைய முடியவில்லை. அங்கே ஜப்பான் 2:58.33 ஓடி ஆசியச் சாதனையையும் திரும்ப வாங்கிக்கொண்டது.

நூறு மீட்டரோடு ஒப்பிட்டால் விஷயம் விளங்கும். அனிமேஷ் குஜூர் 2025 ஜூலையில் 10.18 ஓடி இந்தியச் சாதனை படைத்தார். உசைன் போல்ட்டின் உலகச் சாதனையான 9.58க்கும் அதற்கும் ஆறு சதவீதத்துக்கு மேல் இடைவெளி. 4×400 உலகச் சாதனை 1993இல் அமெரிக்கா ஓடிய 2:54.29, புடாபெஸ்டில் நம்மவர்கள் அதற்கு மூன்று சதவீதத்துக்கும் குறைவான தொலைவில் இருந்தார்கள். வேக ஓட்டத்தில் இந்தியா உலகத்தின் தோளை உரசுகிற இடம் இது ஒன்றுதான். ஆனால் நம் கண் எப்போதும் நூறு மீட்டர்மேல்.

போட்ஸ்வானா என்றொரு நாடு. மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 25 லட்சம். 2011 கணக்கெடுப்பிலேயே சேலம் மாவட்டத்தில் மட்டும் 34.8 லட்சம் பேர். நாமக்கல்லில் 17 லட்சத்துக்கு மேல். அந்தச் சின்ன நாடு 2024 பாரிஸ் ஒலிம்பிக் தொடர் ஓட்டத்தில் 2:54.53 ஓடி அமெரிக்காவுக்குப் பத்தில் ஒரு வினாடி தூரத்தில் வெள்ளி வாங்கியது. 2025 செப்டம்பரில், டோக்கியோ உலகச் சாம்பியன்ஷிப்பில், கொட்டும் மழையில் 2:57.76 ஓடி அமெரிக்காவை முந்தித் தங்கமே வாங்கியது. ஆப்பிரிக்க நாடு ஒன்று இந்தப் பந்தயத்தில் உலகத் தங்கம் வென்றது அதுதான் முதல் தடவை. சேலம் மாவட்டத்தைவிடச் சின்ன ஜனத்தொகையில் நாலு பேர் கிடைக்கிறார்கள் என்றால், நம் பக்கம் கிடைக்க மாட்டார்களா? பெரியவடகம்பட்டிப் பள்ளிப் பையன் மாரியப்பன், ஓர் உடற்கல்வி ஆசிரியர் கண்ணில் பட்டுத்தான் உயரம் தாண்டத் தொடங்கினார். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் வாங்கினார். ஓடுகிற பையன்களையும் யாராவது பார்க்க வேண்டும்.

பார்க்கிற இடம் தூரத்தில் இல்லை. பள்ளிகளுக்கான குறுவட்டப் போட்டி, அதில் தேறினால் வருவாய் மாவட்டப் போட்டி, அப்புறம் மாநிலம். எந்த ஊரிலும் 4×400 தொடர் ஓட்டத்தை நாளின் கடைசியில்தான் வைப்பார்கள். உலகச் சாம்பியன்ஷிப்பிலும் பெரும்பாலும் அப்படியே. அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிவிடுகிறார்கள்; பி.டி. சாரும் விசிலும் நாலைந்து பையன்களும்தான் மிச்சம். அடுத்த தடவை உங்கள் ஊர்ப் பள்ளி மைதானத்தில் போட்டி நடந்தால், ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அதையும் பார்த்துவிட்டுப் போங்கள்.