வெயிலின் காயமும் உடலின் வைத்தியமும்

புதுக்குடியிருப்பில் உச்சி வெயில் ஏறியதும் மந்திகள் மரநிழலை நாடுகின்றன. நாமோ வயலில் நிற்கின்றோம். அவ்வெயிலிலுள்ள ஊதா கடந்த கதிர்கள் தோற்கலத்தினுட் புகுந்து, பரம்பரைச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்துள்ள தைமின் கூறுகளை ஒட்டிவிடுகின்றன.

தவளை முதலிய பல உயிர்கள், ஒளியின் துணைகொண்டே அவ்வொட்டைப் பிரிக்கும் நொதியமொன்றை உடையன. குரங்கினத்துக்கும் நமக்கும் அது இல்லை. நம் கலங்கள் பழுதுற்ற பகுதியை ஏறத்தாழ 30 கூறுகள் நீளத்துக்கு வெட்டியகற்றி, எதிரிழையைப் பார்த்துப் புதிதாய் நிரப்புகின்றன. கூரையில் உக்கிய கிடுகை நீக்கிப் புதுக்கிடுகு வைப்பதை ஒக்கும் இது. இதனை விளக்கிய அசீஸ் சங்கார், 2015ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசை வேறிருவருடன் பகிர்ந்துகொண்டார்.

பிறவியிலேயே இத்திறன் குன்றிய குழந்தைகளை இளமையிலேயே தோற்புற்று பற்றுகின்றது. குறையற்ற உடலிலும் சிற்சில பழுதுகள் தப்பிவிடுதல் உண்டு. ஆதலின், நண்பகலில் மந்தியின் மதியைப் பின்பற்றி, நம் பிள்ளைகளுக்கு நிழல் தேடிக்கொடுப்போமாக.