கடைத்தெருவும் சைக்கிள் பாதையும்

நகர வீதிகளை அகலப்படுத்துவது எளிதன்று. இருபுறமும் கட்டடங்கள் எழுந்துவிட்ட பின்னர், இருக்கும் அகலத்தைப் பங்கிட்டுக்கொள்வதே செய்யக்கூடியது. இப்பங்கீட்டில் ஓடும் வண்டிக்கு மட்டுமன்றி, ஓடாமல் நிற்கும் காருக்கும் ஒரு பாகம் போய்விடுகிறது. வீதியோரத்தில் ஒரு கார் நிற்க ஏறக்குறைய 6 மீட்டர் நீளமும் 2 மீட்டருக்குச் சற்று மிகுதியான அகலமும் வேண்டும். இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் என்னும் அமைப்பு 1962-ஆம் ஆண்டில் சைக்கிள் பாதைகளுக்கென வெளியிட்ட விதிமுறையில், அத்தகைய பாதைக்குக் குறைந்தது 2 மீட்டர் அகலம் வேண்டும் எனக் கூறப்பட்டது. அதாவது, வரிசையாகக் கார்கள் நிற்கும் ஓரத்திலிருந்து அவற்றை அகற்றினால், அவ்விடத்தில் ஒரு சைக்கிள் பாதை ஏறத்தாழ அப்படியே பொருந்திவிடும். காகிதத்தில் இவ்வளவு சுலபமாக அமையும் இம்மாற்றம், வீதிக்கு வந்தவுடன் சச்சரவுக்கு உள்ளாகிறது. முதலில் எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் கடைக்காரர்களே.

கார் நிறுத்த இடமில்லையேல் வாடிக்கையாளர் வேறு கடைத்தெருவுக்குப் போய்விடுவர் என்பது அவர்கள் வாதம். இவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளிவிடுவது முறையாகாது. விற்பனை குறைந்தாலும் கடை வாடகையும் வேலையாட்களின் சம்பளமும் குறைவதில்லை. மூன்று மாதம் வியாபாரம் சரிந்தால் நான்காம் மாதம் கதவை மூடவேண்டிய நிலையிலுள்ள சிறு கடைகள் எந்த நகரத்திலும் உண்டு.

மறுபுறத்தில் இருப்பது சைக்கிளில் செல்வோரின் உயிர். நிற்கும் கார்களை ஒட்டிச் செல்லும்போது நேரும் விபத்துகளுள் ஒரு வகையைத் தனியே குறிப்பிடவேண்டும். காரில் அமர்ந்திருப்பவர் பின்னால் பாராமல் கதவைத் திறக்கிறார். கதவு ஏறக்குறைய ஒரு மீட்டர் வெளியே நீள்கிறது. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சைக்கிள் ஒரு வினாடியில் 5 மீட்டர் கடந்துவிடும். ஆபத்தைக் கண் கண்டு, கை பிரேக்கை அழுத்துவதற்கே ஏறத்தாழ ஒரு வினாடி செல்கிறது. ஆகவே ஐந்து மீட்டருக்குள் திறக்கப்படும் கதவில் மோதுவதையோ, அதைத் தவிர்க்க வீதியின் நடுவே ஒடித்துப் பின்னால் வரும் லாரிக்கு முன் விழுவதையோ தடுப்பது அரிது. ஓட்டுபவரின் திறமை இங்கு அதிகம் உதவாது. நிற்கும் காருக்கும் ஓடும் சைக்கிளுக்கும் இடையே தூரம் இருக்கவேண்டும்.

இவ்விரு தரப்பின் கவலைகளையும் முறையாக அளந்து பார்த்த நகரங்களுள் ஒன்று, கனடா நாட்டின் டொரான்டோ. அங்குள்ள புளூர் வீதி கிழக்கு மேற்காகச் செல்லும் நெடுங்காலக் கடைத்தெரு. ஆனெக்ஸ் எனப்படும் குடியிருப்பின் வழியாகவும், கொரியா டவுன் எனப்படும் கடைப்பகுதியின் வழியாகவும் அது செல்கிறது. டொரான்டோ பல்கலைக்கழகம் அருகிலேயே உள்ளது. வீதியின் போக்கை ஒட்டிப் பூமிக்கடியில் 1966-ஆம் ஆண்டு முதல் ரயில் ஓடுகிறது.

ஆனெக்ஸ் பகுதிக் கடைகளைப்பற்றிய ஓர் ஆய்வறிக்கை 2009-ல் வெளிவந்தது. அங்கு வந்த வாடிக்கையாளர்களுள் காரில் வந்தவர்கள் சுமார் 10 சதவிகிதமே என்று அது கண்டது. நடந்தும் சைக்கிளிலும் வந்தவர்களே அடிக்கடி வந்தார்கள். ஒரு மாதத்தில் ஒருவர் செலவிடும் தொகையைக் கணக்கிட்டால், அதுவும் அவர்களிடமே அதிகமாக இருந்தது. காரில் வருபவர் ஒரு தடவையில் கூடை நிறைய வாங்கலாம். நடந்து வருபவரோ வாரத்தில் பல நாட்கள் கடையினுள் நுழைகிறார். மேலும், கட்டணம் செலுத்தி வண்டி நிறுத்தும் இடங்கள், நெரிசல் மிகுந்த வேளைகளில்கூட ஏறத்தாழ 80 சதவிகிதத்துக்கு மேல் நிரம்பவில்லை. வீதியோரத்தில் ஒரு வரிசையை எடுத்துவிட்டாலும், அப்பகுதியில் வீதிக்கு அப்பால் உள்ள நகரசபை நிறுத்துமிடங்கள் அக்கார்களை ஏற்கும் என்பது அறிக்கையின் முடிவு.

கடைக்காரர் தம் வாடிக்கையாளரை நாள்தோறும் பார்க்கிறார். அவர் மதிப்பீடு எவ்வாறு தவறக்கூடும்? ஜெர்மனியில் பெர்லின் நகரின் இரு கடைவீதிகளைப்பற்றி 2021-ல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. தம் வாடிக்கையாளரில் சுமார் 22 சதவிகிதத்தினர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் கருதினர். வாடிக்கையாளர்களையே கேட்டபோது அது சுமார் 7 சதவிகிதம்தான் என்று தெரிந்தது. ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்போர் 13 சதவிகிதம் இருக்கலாம் எனக் கடைக்காரர்கள் நினைத்தனர். உண்மையில் பாதிக்கும் மேற்பட்டோர் அவ்வளவு அருகில் குடியிருப்பவர்கள். தாமே காரில் கடைக்கு வரும் வியாபாரிகள், காரில் வரும் வாடிக்கையாளரின் தொகையை மேலும் மிகைப்படுத்தியதும் அவ்வாய்வில் தெரிந்தது. மனித இயல்பை நோக்கினால் இது வியப்பன்று. வண்டி நிறுத்த இடம் கிடைக்காமல் இருமுறை சுற்றிவந்தவர் கடையில் நுழையும்போதே முறையிடுகிறார். அந்த முறையீடு மனத்தில் தங்குகிறது. நடந்து வந்தவரோ வந்த வழியைப்பற்றி எதுவும் சொல்லாமல் பொருளை வாங்கிக்கொண்டு போகிறார்.

இத்தகைய விவரங்கள் கையில் இருந்தும், பாதை அமைந்தபின் என்ன நேரும் என்பதை அமைத்துப் பார்த்தே அறியவேண்டியிருந்தது. 2016-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டொரான்டோ நகரசபை, புளூர் வீதியில் ஷா தெரு முதல் அவென்யூ ரோடு வரை சுமார் 2.4 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரிசோதனையாகச் சைக்கிள் பாதையை அமைத்தது. இதற்காக 136 கார் நிறுத்துமிடங்கள் அகற்றப்பட்டன. எல்லா நிறுத்துமிடங்களும் எடுக்கப்படவில்லை. சில பகுதிகளில் கார் வரிசை ஒரு புறத்தில் மட்டும் வைக்கப்பட்டது. அங்கெல்லாம் சைக்கிள் பாதை நடைபாதையை ஒட்டிச் சென்றது, நிற்கும் கார்களே ஓடும் வண்டிகளுக்கு எதிரே அரணாக நின்றன.

இப்பரிசோதனையின் சிறப்பு, அதை அளந்த முறையிலேயே உள்ளது. புது உரத்தின் பயனை அறிய விரும்பும் விவசாய விஞ்ஞானி, வயலின் ஒரு பாத்திக்கு உரமிட்டு, பக்கத்துப் பாத்தியை உரமின்றி விட்டுவைப்பார். மழை நன்றாகப் பெய்து இரு பாத்திகளிலும் விளைச்சல் பெருகினால், அப்பெருக்கத்தை உரத்தின் பேரில் ஏற்றும் தவறு அப்போது நேராது. அதே முறையில், புளூர் வீதியையும், சைக்கிள் பாதை அமையாத டான்ஃபோர்த் அவென்யூ என்னும் மற்றொரு கடைவீதியையும் ஆய்வாளர்கள் ஒப்பிட்டனர். பாதை அமைவதற்கு முன்பும் பின்பும் இரு வீதிகளிலும் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் வினவப்பட்டனர். ஆய்வுக்கு ஆதரவளித்தவர்களுள் அப்பகுதி வியாபாரிகளின் சங்கங்களும் இருந்தன. அஞ்சியவர்களே அளவுகோலுக்கு வழிசெய்தது பாராட்டத்தக்கது.

ஒப்பீட்டு வீதி எவ்வளவு அவசியம் என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டும். புளூரும் பாதர்ஸ்ட் தெருவும் சந்திக்கும் மூலையில், 1948-ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த ‘ஹானஸ்ட் எட்ஸ்’ என்னும் புகழ்பெற்ற மலிவு விலைக் கடை, பரிசோதனை நடந்துகொண்டிருக்கும்போதே, 2016 டிசம்பர் 31-ஆம் தேதியுடன் மூடப்பட்டது. அதை நாடி வந்த கூட்டம் நின்றால், அண்டைக் கடைகளின் விற்பனையும் மாறக்கூடும். ஒரே வீதியின் முன்பின் கணக்கை மட்டும் பார்ப்பவர் அம்மாறுதலைச் சைக்கிள் பாதையின் தலையில் கட்டிவிட எளிதில் இடமுண்டு. வீதியின் வாழ்வில் இத்தகைய குறுக்கீடுகள் எப்போதும் உண்டு. ஒப்பீட்டு வீதியும் அவை அனைத்தையும் விலக்கிவிடாதாயினும், நகரம் முழுவதற்கும் பொதுவான ஏற்றத்தாழ்வுகளையாவது பிரித்துக் காட்டும்.

அமெரிக்கத் திட்டமிடுவோர் சங்கத்தின் சஞ்சிகையில் 2019-ல் இதன் முடிவுகள் வெளிவந்தன. சைக்கிள் பாதையால் வியாபாரத்துக்குத் தீங்கு நேர்ந்ததற்கான அறிகுறி காணப்படவில்லை. வாடிக்கையாளர் மாதந்தோறும் செலவிட்ட தொகையும், கடைகளுக்கு வந்தோர் எண்ணிக்கையும் புளூர் வீதியில் உயர்ந்தன. நகரசபையின் தனிக் கணக்குப்படி, வார நாட்களில் அவ்வீதியில் சென்ற சைக்கிள்கள் சுமார் 3,300-லிருந்து 4,900-க்கு மேல் பெருகின. இவ்வெண்ணைக்கொண்டு கடைகளுக்கு அத்தனை புதிய வாடிக்கையாளர் கிடைத்தனர் என்று முடிவு கட்டுவது சரியன்று. பலர் கடந்து செல்பவர்களே. ஆயினும், நீக்கப்பட்ட 136 இடங்களில் மணிக்கு ஒரு கார் வீதம் பத்து மணி நேரம் மாறி மாறி நின்றாலும், ஒரு நாளில் 1,360 கார்களுக்குமேல் நிற்க முடியாது என்பதையும் உடன் வைத்துப் பார்க்கவேண்டும்.

நஷ்டமே இல்லை என்றும் கூறுவதற்கில்லை. காரில் செல்வோருக்கு நெரிசல் வேளைகளில் சில நிமிடங்கள் கூடுதலாயின. சமிக்ஞை விளக்குகளின் நேரத்தைத் திருத்தியபின் அத்தாமதம் ஓரளவு குறைந்தது. சரக்கு இறக்கும் லாரிகளுக்கும், நடக்க இயலாதோரை இறக்கிவிடும் வண்டிகளுக்கும் கடைத்தெருவில் இடம் வேண்டும். ‘கார் நிறுத்துமிடம்’ என்ற ஒரே சொல்லால் இவற்றையும் சேர்த்துத் துடைத்துவிடுவது பல திட்டங்களில் காணும் குறை. 2017 நவம்பரில் நகரசபை 36-க்கு 6 என்ற வாக்குகளால் பாதையை நிரந்தரமாக்கியது.

விவாதம் அத்துடன் ஓயவில்லை. போக்குவரத்து நெரிசலைக் காரணம் காட்டி, புளூர் உள்ளிட்ட மூன்று வீதிகளின் சைக்கிள் பாதைகளை அகற்ற ஒன்டாரியோ மாகாணச் சட்டசபை 2024 நவம்பரில் சட்டம் இயற்றியது. அவற்றை அகற்றினால் உயிருக்கும் உடலுக்கும் அபாயம் மிகும் என்றும், அதனால் அது அரசியல் சாசன உரிமைக்கு மாறானது என்றும் 2025 ஜூலையில் மாகாண உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாகாண அரசு மேல்முறையீடு செய்தது. எண்ணிக் கண்ட விவரம் இருந்தும் கருத்து வேற்றுமை நீடிக்கலாம் என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இந்திய நகரங்களின் நிலை வேறு. விவசாயமும் குடிசைத் தொழிலும் நீங்கலாக மற்றத் தொழில்களில் ஈடுபட்டோர் வேலைக்குச் செல்லும் விதத்தை 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பு ஆராய்ந்தது. சைக்கிளில் சென்றோர் சுமார் 13 சதவிகிதம். கார், ஜீப், வேன் மூன்றிலும் சென்றோர் சேர்ந்து 3 சதவிகிதத்துக்கும் குறைவு. நடந்தே சென்றவர்கள் இவ்விரு தொகையையும் சேர்த்ததைவிட அதிகம். 2006-ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வீதி இடத்தை வண்டிகளைவிட மக்களை முன்வைத்துப் பங்கிடவேண்டும் எனவும், வண்டி நிறுத்தும் கட்டணம் நிலத்தின் மதிப்பைக் காட்டவேண்டும் எனவும் கூறியது. ஆனால் நம் கடைத்தெருக்களில் இடத்தைப் பிடிப்பவை கார்கள் மட்டுமல்ல. மோட்டார் சைக்கிள்களும் ஸ்கூட்டர்களும் நெருக்கமாக நிற்கின்றன. வெறும் வர்ணக் கோட்டால் ஒதுக்கப்பட்ட சைக்கிள் பாதையில் மறுநாளே அவை நின்றுவிடும். உயர்ந்த விளிம்புக்கல்லோ, நெருக்கமாக நட்ட கம்பங்களோ இன்றி இங்குப் பாதை அமைப்பது வர்ணத்துக்குச் செய்யும் வீண் செலவு.

ஆகவே டொரான்டோவின் எண்களை அப்படியே இங்குக் கொணர்வது பயன் தராது. கொணரத்தக்கது அளக்கும் முறை. அதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டியதில்லை. கடை வாசலில் நிற்கும் இருவர், வெளியே வருவோரிடம் எப்படி வந்தீர்கள், எவ்வளவு தூரத்திலிருந்து, வாரத்தில் எத்தனை முறை, இன்று எவ்வளவு வாங்கினீர்கள் என்னும் நான்கு கேள்விகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். வேலை நாளிலும் விடுமுறை நாளிலும், பண்டிகைக் காலம் தவிர்த்து, இவ்வாறு எடுக்கவேண்டும். அதே அளவுள்ள மற்றொரு கடைத்தெருவிலும் அதே நாட்களில் எடுக்கவேண்டும். முதல் கணக்கு மட்டும், முதல் கல் நடுவதற்கு முன் எடுக்கப்பட்டிருக்கவேண்டும். வேலை தொடங்கியபின் அதைத் திரும்பப் பெற வழியில்லை.